மாட்டுக்கொட்டகை ஈயும் எலிவளை ஈயும்

1903ஆம் ஆண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில், மண்ணீரல் வீங்கி வயிறு புடைத்துக் கிடந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தினார் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர். வந்த துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். மலேரியா என்று நம்பிக் கொயினா கொடுத்தும் கேட்காத காய்ச்சல் அது. சில்லில் மலேரியாக் கிருமி இல்லை. முட்டை வடிவத்தில், உள்ளே ஒரு பெரிய புள்ளியும் ஒரு சிறிய புள்ளியுமாக, வேறு ஏதோ மொய்த்துக்கிடந்தது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைமுகாமில் இருந்து நோயோடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தானும் அதையே கண்டதாக, அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று அக்கிருமிக்குப் பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ். வங்காளத்தையும் அசாமையும் சூறையாடிய கருங்காய்ச்சலுக்கு, காலா அசாருக்கு, காரணம் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அக்கிருமி ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது என்பது ஐயமில்லாமல் நிரூபணமானது 1942இல்தான். இடையில் 39 ஆண்டுகள். இந்த இடைவெளியின் வரலாற்றைப் பலரும் மருந்தின் வரலாறாகவே சொல்கிறார்கள். அதைப் பூச்சியின் பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மணல் ஈக்களைப் பிரித்தறிந்த பிறகே இந்த நோயின் பூட்டு திறந்தது. என் பிழைப்பே அப்படிப் பிரித்தறிவதாக இருந்தது.

அரசுப் பொதுச் சுகாதாரப் பணியில் பூச்சி சேகரிப்பாளராகச் சேர்ந்து, பூச்சியியல் ஆய்வகத்தில் ஓய்வு பெற்றவன் நான். கொசுதான் எங்களுக்கு அன்றாட வேலை. ஆனாலும் என்னைப் பழக்கிய மூத்த சேகரிப்பாளர், கொசு பிடிக்கப் போன வீட்டிலெல்லாம் “கொட்டகைச் சுவரையும் ஒரு தடவை பாத்துட்டு வா தம்பி” என்பார். விடியுமுன் டார்ச்சும் உறிஞ்சு குழாயுமாக மாட்டுக்கொட்டகைக்குள் நுழைவோம். மண்சுவரின் வெடிப்பில் வெளிச்சம் பட்டதும், எள்ளில் பாதி இருக்கும் ஒரு பூச்சி பறக்காமல் தத்தித் தத்தி நகரும். உட்காரும்போதும் சிறகை மடக்காது, முதுகின்மேல் தூக்கியே வைத்திருக்கும். கொசுவைப் போல ரீங்காரம் கிடையாது. கடிபட்டவருக்குக் கூட, கடித்தது எது என்று தெரியாது.

குழாய்க்கு அகப்படாததைப் பிடிக்க விளக்கெண்ணெய்த் தாள் வைப்போம். வெள்ளைத் தாளின் இருபுறமும் விளக்கெண்ணெய் தடவி, சாயங்காலம் சுவர் வெடிப்பு, எலிவளை வாய், விறகுக் குவியல் ஆகியவற்றின் அருகே சொருகிவிட்டு வந்தால், காலையில் ஈக்கள் ஒட்டிக் கிடக்கும். அவற்றை மெல்லிய தூரிகையால் எடுத்துச் சாராயத்தில் கழுவி, பொட்டாஷ் கரைசலில் உடம்பு கண்ணாடிபோல் தெளியும்வரை ஊறவைத்து, தலையைத் தனியாகவும் வயிற்றைத் தனியாகவும் சில்லில் பதிக்க வேண்டும். பெண் ஈ என்றால் தொண்டைக்குழியின் பற்களையும், விந்தைச் சேமித்து வைக்கும் சிறு பையின் வடிவத்தையும் பார்த்து இனம் சொல்வோம். ஆண் என்றால் வால்முனைக் கொக்கிகளைப் பார்ப்போம். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே மயிரடர்ந்த தூசிதான். நுண்ணோக்கியின் கீழேதான் அது கொல்லும் ஈயா, மூன்று நாள் காய்ச்சல் தரும் ஈயா, பல்லியின் ரத்தம் குடித்துவிட்டுப் போகும் ஈயா என்று தெரியவரும்.

நம் நாட்டில் மனிதரைப் பாதிக்கும் மணல் ஈக்களில் இரண்டுதான் முக்கியமானவை. ஒன்று ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிப்ஸ். உடம்பு கருத்தது, கால்கள் வெள்ளிபோல் மின்னும். ஈரமும் சாணமும் கலந்த மண்ணில் முட்டையிடும். மாட்டு ரத்தத்தை விரும்பிக் குடிக்கும், பக்கத்தில் மனிதர் படுத்திருந்தால் அவரையும் கடிக்கும். மற்றொன்று ஃபிளெபோடோமஸ் பாப்பாட்டாசி. வெளிறிய வைக்கோல் நிறம். வறண்ட நிலமும், எலிவளையும், இடிபாடும் அதற்குப் பிடிக்கும். மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வட ஆப்பிரிக்கா, அரேபியா, பாரசீகம், நடு ஆசியா வழியாக நம் நாடு வரை பரவிக் கிடப்பது அது. இரண்டிலும் கடிப்பது பெண் மட்டுமே. இரண்டின் புழுவும் தண்ணீரில் வளர்வதில்லை, மண்ணில்தான் வளரும். கொசுவுக்குச் சாக்கடையில் மருந்து ஊற்றுவது போல இதன் புழுவுக்கு எங்கே ஊற்றுவது என்று கண்டுபிடிக்க முடியாததும் அதனால்தான்.

பாப்பாட்டாசிக்கு 1786லேயே அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. வைத்தவர் ஸ்கோப்போலி. அர்ஜென்டிப்ஸுக்கு 1908இல்தான் பெயர் வைத்தார்கள், கல்கத்தா அருங்காட்சியகத்தின் அன்னண்டேலும் அவரோடு சேர்ந்து புருனெட்டியும். டோனவன் சென்னையில் கிருமியைக் கண்டபோது, அதைச் சுமந்து திரிந்த ஈ பெயரே இல்லாமல் மாட்டுக்கொட்டகைச் சுவரில் உட்கார்ந்திருந்தது.

கருங்காய்ச்சல் செய்த அழிவைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1824-25இல் ஜெசோர் பகுதியில் பெரிய கொள்ளைநோயாக வெடித்தது. 1860களில் பர்த்வானை வாட்டியது. 1880களில் காரோ மலையடிவாரம் வழியாக அசாமுக்குள் ஏறி, பிரம்மபுத்திராவின் கரையோரமாகவே நகர்ந்தது. 1891க்கும் 1901க்கும் இடையில் நௌகாங் மாவட்டம் தன் மக்கள்தொகையில் ஏறத்தாழ கால்வாசியை இழந்தது. பிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயன்களில் ஒரு லயன் முழுக்கச் சாகும், தள்ளியிருக்கும் லயன் நன்றாக இருக்கும். அங்கே மருத்துவராக இருந்த டாட்ஸ் பிரைஸ் இதைக் கவனித்தார். லியோனார்ட் ராஜர்ஸின் யோசனைப்படி, புதிதாக வந்த கூலித் தொழிலாளர்களைப் பழைய லயன்களில் வைக்காமல் சில நூறு கெஜம் தள்ளிப் புதுக்குடிசைகள் போட்டுக் குடியமர்த்தினார்கள். அவர்கள் தப்பினார்கள். காரணம் தெரியாமலே கிடைத்த வெற்றி அது. இன்று நமக்குக் காரணம் தெரியும். மணல் ஈக்குச் சிறகில் வலு கிடையாது. தத்தித் தத்திப் போகிற பூச்சிக்குச் சில நூறு கெஜம் பெருந்தொலைவு.

அன்று சந்தேகம் விழுந்தது மூட்டைப்பூச்சியின் மேல். கட்டிலில் படுத்தவரைக் கடிக்கிறது, வீட்டுக்கு வீடு இருக்கிறது, நோயும் வீடு வீடாகத்தான் வருகிறது. சென்னையில் இதை முனைந்து ஆராய்ந்தவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த வால்டர் பேட்டன். நோயாளியின் ரத்தத்தைக் குடித்த மூட்டைப்பூச்சியின் வயிற்றில் கிருமி வாலோடு உருமாறி நீந்துவதை 1907இல் அவர் காட்டினார். டோனவன் ஒப்பவில்லை. நாயையும், ரத்தம் குடிக்கும் இன்னொரு வகை மூட்டையையும் அவர் ஆராய்ந்து 1909இல் லான்செட் இதழில் எழுதினார். சென்னையில் நோய் குடிகொண்டிருந்தது ஜார்ஜ் டவுன் பகுதியில். மூட்டைப்பூச்சியோ இந்தியா முழுக்க இருந்தது. மூட்டைப்பூச்சி இல்லாத ஊர் ஏது? பஞ்சாபில் இல்லாத மூட்டைப்பூச்சியா சென்னையில் இருந்தது? அப்படியிருக்க, கருங்காய்ச்சல் மட்டும் ஏன் கிழக்கிலும் தெற்கிலும் நின்றுகொண்டது? இந்தக் கேள்விக்கு மூட்டைப்பூச்சியிடம் பதில் இல்லை.

இதற்கிடையில் பாப்பாட்டாசியின் வழக்கு வேகமாக முடிந்துகொண்டிருந்தது. சித்ராலில் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன் என்ற இளம் ராணுவ மருத்துவர், அங்கே கோடையில் படைவீரர்களைப் படுக்கையில் தள்ளும் மூன்று நாள் காய்ச்சலைப் பற்றி 1906இல் எழுதி, மணல் ஈயின் மேல் ஐயத்தை வைத்தார். பின்னாளில் நம் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கு அடித்தளமிட்டவர் இவரே. 1908இல் ஹெர்சகோவினாவில் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர் டோயரும் கூட்டாளிகளும், அக்காய்ச்சலைத் தருவது வடிகட்டியில் நிற்காத நுண்ணிய நச்சுயிர் என்றும், கொண்டுவருவது பாப்பாட்டாசி என்றும் நிறுவினார்கள். ஆள் சாவதில்லை. ஆனால் கண் சிவந்து, தலை பிளந்து, இடுப்பு ஒடிந்தவர் போல ஒரு படையே படுத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் சிசிலியிலும் நேப்பிள்ஸிலும் நேசநாட்டுப் படைகள் அப்படிப் படுத்தன. அங்கு எடுத்த நச்சுயிர்களைத்தான் ஆல்பர்ட் சேபின் பிரித்து அடையாளம் கண்டார்.

பாப்பாட்டாசியின் மேல் இன்னொரு குற்றமும் இருந்தது. பாக்தாத்திலும் பிஸ்க்ராவிலும் முகத்திலும் கையிலும் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல், ஆறினாலும் குழி விட்டுப் போகும் கீழைநாட்டுப் புண். 1921இல் அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்களும் உடனிருந்தவர்களும் பிஸ்க்ராவில் பிடித்த பாப்பாட்டாசிகளை நசுக்கி, தன்னார்வலரின் தோலில் கீறித் தடவினார்கள். புண் வந்தது. 1941இல் ஜெருசலேமில் சால் ஆட்லர் அதையே கடியின் மூலமாகவும் காட்டினார். அதே ஆண்டு சோவியத் ஆய்வாளர்கள் லாத்திஷெவும் குரியூகோவாவும், துர்க்மேனியப் பாலையில் பாலை எலிகளின் வளையில்தான் அக்கிருமி குடியிருக்கிறது, அந்த வளையிலேயே பாப்பாட்டாசியும் பெருகுகிறது என்று காட்டினார்கள். எலியும் ஈயும் ஒரே வளையில் வாழ, வழியில் போன மனிதன் கடிபட்டான்.

இனி ஜான் சின்டனிடம் வரலாம். 1916இல் மெசபொத்தாமியாப் போர்க்களத்தில், குண்டடிபட்ட பிறகும் காயம்பட்டவர்களைக் கவனித்ததற்காக விக்டோரியா சிலுவை பெற்ற ராணுவ மருத்துவர். பிறகு கசௌலி ஆய்வகத்தில் உட்கார்ந்து, இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மணல் ஈக்களைத் தருவித்து இனம் பிரித்தார். 1920களின் நடுவில் அவர் செய்தது, சொல்லப்போனால் எளிய வேலை: ஈயின் வரைபடத்தையும் நோயின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அசாம், வங்காளம், பீகார், சென்னை என்று கருங்காய்ச்சல் இருந்த இடமெல்லாம் அர்ஜென்டிப்ஸ் இருந்தது. பாப்பாட்டாசி மலிந்த வடமேற்கில் மூன்று நாள் காய்ச்சலும் தோல்புண்ணும் இருந்தன, கருங்காய்ச்சல் இல்லை. மணல் ஈ என்று பொதுப்படையாக எழுதி வைத்திருந்தால் இந்த உண்மை வெளிவந்தே இருக்காது. இரண்டையும் தனித்தனியாக எண்ணியதால் வந்தது. ஒரு சேகரிப்பாளனாக நான் சின்டனைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதே சமயம், 1924இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் அர்ஜென்டிப்ஸை நோயாளிகளைக் கடிக்கவிட்டு, அதன் குடலில் கிருமி செழித்து வளர்வதைப் பார்த்துவிட்டார்கள். கிறிஸ்டோபர்ஸ் தலைமையில் காலா அசார் ஆணையம் அசாமின் கோலாகாட்டில் கூடாரம் போட்டது. முடிச்சு இங்கேதான் இறுகியது. நோயாளியைக் கடித்த ஈயை மறுபடி ஒரு விலங்கைக் கடிக்கவிட்டால் நோய் வர வேண்டும். வருடக்கணக்கில் கடிக்கவிட்டார்கள். அநேகமாக எதுவும் வரவில்லை. ரத்தம் குடித்து முட்டையிட்ட ஈ, இரண்டாம் தடவை கடிக்குமுன் பெரும்பாலும் செத்துப்போனது. பிழைத்ததன் வயிற்றிலும் கிருமி போதுமான அளவு இல்லை.

முடிச்சை அவிழ்த்தது உலர்திராட்சை. ஸ்மித், ஹல்தார், அகமது ஆகியோர் 1940ஐ ஒட்டி, முதல் ரத்த உணவுக்குப் பிறகு ஈக்குத் திரும்பவும் ரத்தம் தராமல் ஊறவைத்த உலர்திராட்சையைக் கொடுத்தார்கள். வயல்வெளியில் மணல் ஈ செடிகொடியின் இனிப்புச் சாற்றைத்தான் அன்றாடம் குடிக்கிறது. ஆய்வகத்தில் அதை மறுத்ததால்தான் ஈயும் செத்தது, கிருமியும் பெருகவில்லை. இனிப்பு கிடைத்த ஈ உயிரோடு இருந்தது. அதன் குடலில் கிருமி பெருகிப் பெருகித் தொண்டைவரை வந்து அடைத்துக்கொண்டது. தொண்டை அடைத்த ஈ ரத்தத்தை உறிஞ்ச முடியாமல் திணறி, அடைப்பைக் கடிவாயிலேயே கக்கியது. நோய் பரவும் சூட்சுமம் அதுதான். இந்த வழியைப் பின்பற்றி, 1942இல் அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் கருங்காய்ச்சலே இல்லாத காசி மலைப்பகுதியிலிருந்து வந்த ஐந்து தன்னார்வலர்களை அந்த ஈக்கள் கடிக்கவிட்டார்கள். ஐவருக்கும் நோய் கண்டது. பிறகு அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கடைசிச் சாட்சியமாக நின்றது அந்த மலைமக்களின் உடம்பு. அவர்களையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

அந்த வேளையில் சிகிச்சை இருந்ததற்கு உபேந்திரநாத் பிரம்மச்சாரிக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்கத்தா கேம்பல் மருத்துவமனையில் ஒரு சிறிய அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் வேலைபார்த்து, ஆன்டிமனியிலிருந்து யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தை 1920இல் உருவாக்கியவர் அவர். பத்தில் ஒன்பது பேரைக் கொன்ற நோயில், அந்த மருந்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் நிலை வந்தது.

ஒரே குடும்பத்து ஈக்களில் ஒன்று கருங்காய்ச்சலைச் சுமக்கிறது, மற்றொன்று ஏன் சுமப்பதில்லை? இதற்கு விடை நம் காலத்தில்தான் வந்தது. ஈ குடித்த ரத்தம் செரித்ததும் மிச்சம் கழிவாக வெளியேறும். அதற்குள் கிருமி குடல்சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கழிவோடு அதுவும் போய்விடும். பாப்பாட்டாசியின் குடல்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. தோல்புண் தரும் லீஷ்மேனியா மேஜர் கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைக் கிளை அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2004இல் இது வெளியானது. டோனவானியின் மேலுறையில் அந்தக் கிளை இல்லை, ஆகவே அது பாப்பாட்டாசியில் தங்க முடியாமல் வெளியேறிவிடுகிறது. அர்ஜென்டிப்ஸ் அப்படிப் பார்த்துச் சேர்ப்பதில்லை, அதன் குடலில் டோனவானி நன்றாகவே தங்குகிறது. சின்டன் வரைபடத்தில் கண்ட எல்லைக்கோடு, உண்மையில் ஈயின் குடலுக்குள் போடப்பட்ட கோடு.

1950களில் மலேரியாவுக்காக நாடு முழுக்கச் சுவர்களில் டிடிடி அடித்தார்கள். சுவரிலேயே உட்கார்ந்திருக்கும் மணல் ஈ, யாரும் குறிவைக்காமலே மடிந்தது. கருங்காய்ச்சல் ஒழிந்தது என்று நினைத்தார்கள். தெளிப்பு நின்றது. 1970களில் பீகாரின் வைசாலி, முசாபர்பூர் மாவட்டங்களில் அது திரும்பி வந்தது. 1992இல் நாட்டில் பதிவானவர்கள் 77,102 பேர், இறந்தவர்கள் 1,419 பேர். அதன்பின் விரைவுப் பரிசோதனை, ஒரே தவணை ஆம்போடெரிசின், டிடிடிக்கு அசராத ஈக்களுக்கு வேறு பூச்சிமருந்து என்று பாடுபட்டு, 2023 இறுதிக்குள் எல்லா வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பெரிய சாதனைதான்.

ஆனால் ஈ எங்கும் போய்விடவில்லை. தமிழ்நாட்டுக் கொட்டகைச் சுவர்களில் அர்ஜென்டிப்ஸை நான் பிடித்திருக்கிறேன். பாப்பாட்டாசியும் நம்மிடம் உண்டு. இலங்கையில் 1992இல் முதல் உள்ளூர் நோயாளி கண்டறியப்பட்ட தோல் லீஷ்மேனியா, இன்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைத் தொடுகிறது. அங்கே புண்ணைத் தருவதும் டோனவானி இனக் கிருமிதான், சுமப்பதும் அர்ஜென்டிப்ஸ் கூட்டம்தான். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிப் பழங்குடியினரிடமும் இதே புண் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம் ஊர்க் கட்டுமானங்களுக்கு வேலைக்கு வருபவர் உடம்பில் கிருமி இருந்தால், அதைச் சுமக்கத் தெரிந்த ஈ இங்கே காத்திருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். மருத்துவர்களே, கருங்காய்ச்சல் பகுதியிலிருந்து வந்த தொழிலாளிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இருந்தால், ஆர்கே39 விரைவுப் பரிசோதனையைச் செய்யுங்கள். சில நிமிடத்தில் முடியும், ஓர் உயிரும் ஒரு தெருவும் பிழைக்கும். அரசுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நான் ஓய்வு பெற்றபோது என் நுண்ணோக்கியின் முன் உட்கார வேறு ஆள் வரவில்லை. ஈயின் தொண்டைப் பல்லைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்கிறோம். கிருமியைக் கண்டது சென்னை. அதைச் சுமப்பது எது என்று தெரியாமல் 39 ஆண்டுகள் கழிந்ததும், அதனால் எத்தனை ஊர் வெறிச்சோடியது என்பதும் நமக்குத் தெரியும். பூச்சி சேகரிப்பாளர் பணியிடங்களை நிரப்புங்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் இன்னும் இருக்கிறோம்.